சோலார் பம்புக்கு முன்னால் ஒரு கணக்கு

வங்கியில் குப்பை கொட்டியவன், எதையும் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரை 100 அடி ஆழத்திலிருந்து ஏற்ற, மோட்டாரில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 20 யூனிட் மின்சாரம் ஆகும். அதே தண்ணீர் 1000 அடியில் கிடந்தால் 200 யூனிட். பயிருக்கு ஒரு சொட்டுகூட அதிகமில்லை. நம் மாநிலத்தில் பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம் என்பதால் இந்த வித்தியாசம் கண்ணில் படுவதே இல்லை. ஆனால் எங்கோ அதற்கும் நிலக்கரி எரிகிறது.

சோலார் போட்டால் தீர்ந்துபோச்சு என்கிறார்கள். புகை குறையும், சரி. வெயிலில் சும்மா ஓடுகிற மோட்டாரை யார் நிறுத்துவார்? வசதியுள்ளவர் ஆழ்துளைக் கிணற்றில் இறைக்க இறைக்க, பக்கத்துத் தோட்டத்துத் திறந்த கிணறு வற்றும். மானாவாரிக்காரருக்கு இலவச மின்சாரத்திலும் பங்கில்லை, சோலாரிலும் பங்கில்லை.

குஜராத்தின் துண்டி கிராமத்து விவசாயிகள் கூட்டுறவாகச் சேர்ந்து, சோலார் பம்புகளை மின்வாரியக் கம்பியோடு இணைத்து, 2016 முதல் மிஞ்சிய மின்சாரத்தை விற்றார்கள். இறைக்காமல் விட்ட தண்ணீருக்கும் காசு! (கொடுக்கிற விலை கட்டுபடியாகணும், அது வேற விஷயம்.)

சோலார் பம்புக்கு மனு போடுகிறவர்கள், கம்பியோடு இணைக்க வழி உண்டா என்று முதலில் கேளுங்கள். அதற்கும் முன்னால் ஒரு போகம் மூடாக்கு போட்டுப் பாருங்கள். சின்ன மோட்டாரே போதுமானதாக இருக்கலாம்.