மேகங்களுக்கும் ஷிஃப்ட் உண்டு, தெரியுமா?

வெப்பமண்டலத்து இடிமேகம் எவ்வளவு உயரம் வளரும் தெரியுமா? 15 கிலோமீட்டரைச் சர்வசாதாரணமாகத் தாண்டும்! பயணிகள் விமானம் பறப்பதே 10, 12 கிலோமீட்டரில்தான். கீழே ஆட்கள் வியர்த்து வழிய, மேகத்தின் உச்சியில் மைனஸ் 80 டிகிரி செல்சியஸ்!

இதற்கே வாயைப் பிளந்தால் எப்படி? 2018 டிசம்பர் 29. பசிபிக்கில் நவூரு தீவுப் பக்கம் ஒரு மேக உச்சியைச் செயற்கைக்கோள் அளந்தது. மைனஸ் 111 டிகிரி! அண்டார்டிக்கத் தரையில் தெர்மாமீட்டர் காட்டிய உலகச் சாதனையே மைனஸ் 89.2தான்!

சரி, ஷிஃப்டுக்கு வருவோம். நிலத்து இடிமேகங்களுக்கு மாலை ஷிஃப்ட். திறந்த கடலிலோ பெரும்பாலும் விடியற்காலை ஷிஃப்ட்! வெயிலில் நிலம் சட்டென்று சூடாகிறது, மதியத்துக்கு மேல் காற்று பொங்கி எழுகிறது. கடல் அப்படிச் சூடாவதில்லை. அங்கே மேகத்தின் தலை இரவெல்லாம் வெப்பத்தை விண்வெளிக்கு விட்டுக் குளிர, மேகம் இன்னும் வீரியமாகிறது!

மழை நின்றால் கதை முடிந்ததா? அதுதான் இல்லை! உச்சியில் சிதறிய பனித்துகள்கள் மெல்லிய கீற்றுமேகமாகப் பரவி, மணிக்கணக்கில் மிதக்கும்!

பெயர் வாங்கிய மேகத்தைத் தெரியுமா? ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கு வடக்கே, திவி தீவுகளில், மழைக்காலம் நெருங்கினால் கிட்டத்தட்ட தினமும் பிற்பகல் 3 மணிவாக்கில் ஒரே மேகம் ஆஜர்! உயரம் சில நாள் 20 கிலோமீட்டர்! அதை அடையாளமாக வைத்தே வழி பார்த்த இரண்டாம் உலகப்போர் விமானிகள் சூட்டிய பெயர் 'ஹெக்டர்'. (நம்மூர் பஸ்கூட இத்தனை நேரம் தவறாமல் வராது!)

வெனிசுவேலாவின் மரகைபோ ஏரியில் கதை தலைகீழ்! அங்கே இரவில்தான் இடி மின்னல். வருடத்துக்கு ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 233 மின்னல்கள்! உலகிலேயே இதுதான் முதலிடம்!

இதையெல்லாம் கண்டுபிடிப்பது சுலபம் என்று நினைத்தீர்களா? மேகங்களை அளந்த கலிப்சோ செயற்கைக்கோள் பல வருடம் பகல் 1.30, இரவு 1.30 என்று ஒரே நேரத்தில்தான் நிலநடுக்கோட்டைக் கடந்தது. மாலை ஷிஃப்டை அது எப்படிப் பார்க்கும்?

அதற்குத்தான் இந்தியாவும் பிரான்சும் சேர்ந்து 'மேகா-டிராபிக்ஸ்' அனுப்பின. 2011 அக்டோபர் 12, ஸ்ரீஹரிகோட்டா, பி.எஸ்.எல்.வி! வெப்பமண்டலத்தை விட்டு நகராத, 20 டிகிரி மட்டுமே சாய்ந்த சுற்றுப்பாதை. ஒரே இடத்தை ஒரே நாளில் பலமுறை, வேறு வேறு நேரத்தில் எட்டிப் பார்த்தது! திட்டமிட்ட ஆயுள் 3 வருடம். உழைத்ததோ 2021 வரை! 2023 மார்ச் 7 அன்று பசிபிக்குக்கு மேல் பத்திரமாக இறக்கி எரித்தார்கள்.

சர்வதேச விண்வெளி நிலையமும் சும்மா இருக்கவில்லை! 2015 முதல் 2017 வரை 'கேட்ஸ்' என்ற லேசர் கருவியால் மேகங்களை இரவு பகலாக அளந்தது.

லேசர் எதற்கு? கண்ணுக்கே தெரியாத கீற்றுமேகங்கள் இருக்கின்றன, தெரியுமா! தலைக்கு மேலேயே இருக்கும், அண்ணாந்து பார்த்தால் வெறும் நீலம்தான்! திருப்பதி பக்கம் காதங்கியில் விஞ்ஞானிகள் தரையிலிருந்தே லேசர் அடித்து அவற்றைப் பிடித்திருக்கிறார்கள்!