ஜைனப் (பெயர்)

ஜைனப் என்பது அரபு மொழியில் பெண்களுக்கு இடப்படும் பெயர்களுள் ஒன்று. தமிழில் ஸைனப், ஜெய்னப், செய்னப், ஜைனம்பு, செய்னம்பு என்று பலவாறாக எழுதப்படுகிறது. அரபில் இப்பெயர் ஸாய், யா, நூன், பா என்னும் நான்கு எழுத்துகளால் ஆனது. இஸ்லாத்துக்கு முன்பிருந்தே அரபு மக்களிடையே வழங்கிவந்த பெயர் இது. இன்று மொரோக்கோ முதல் இந்தோனேசியா வரை இப்பெயர் கொண்ட பெண்களைக் காணலாம்.

பொருள்

குழந்தைப் பெயர்களுக்கான இணையதளங்கள் பலவும் ஜைனப் என்றால் "தந்தையின் அழகு" அல்லது "தந்தையின் அணிகலன்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. பெயருக்குப் பொருள் தேடும் பெற்றோருக்கு இது இனிமையாகவே இருக்கும். ஆனால் பழைய அரபு அகராதிகளைப் பார்த்தால் விடை அவ்வளவு எளிதன்று.

பீரோஸாபாதி (இறப்பு 1415) தொகுத்த அல்காமூஸ் அல்முஹீத் என்னும் அகராதி இப்பெயருக்கு ஒன்றல்ல, நான்கு மூலங்களைத் தருகிறது. முதலாவது, "ஸனிப" என்ற வினை. இதற்குக் கொழுத்தான், உடல் பூரித்தான் என்று பொருள். இரண்டாவது, தேளின் கொடுக்கைக் குறிக்கும் ஒரு சொல். மூன்றாவது, பார்வைக்கு அழகும் நறுமணமும் கொண்ட ஒரு மரத்தின் பெயர். நான்காவதுதான் "ஸைன்" (அழகு, அணி), "அப்" (தந்தை) என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை.

இவற்றுள் மரம் என்ற விளக்கமே பழைய மொழியறிஞர்களிடம் அதிக மதிப்புப் பெற்றது. இப்னு மன்ஸூரின் லிஸானுல் அரப் என்ற பேரகராதியும் அழகிய, மணமுள்ள மரத்தின் பெயரே பெண்ணுக்கு இடப்பட்டது என்ற கருத்தைப் பதிவுசெய்கிறது. தமிழில் மல்லிகா, முல்லை, தாமரை என்று பூவின் பெயரைப் பெண்ணுக்கு வைப்பது நமக்குப் பழக்கமானது என்பதால் இதைப் புரிந்துகொள்வதில் சிரமமில்லை. கொழுத்தவள் என்ற பொருளையும் இன்றைய கண்ணால் பார்த்து முகம் சுளிக்க வேண்டியதில்லை. உணவு அரிதான பாலைவன வாழ்க்கையில் உடல் பூரிப்பு என்பது நலத்துக்கும் செழிப்புக்கும் அடையாளம். பெண் குழந்தை அப்படி வளர வேண்டும் என்று விரும்புவது இயல்பே.

"தந்தையின் அழகு" என்ற விளக்கம் பரவியதற்குக் காரணம் "ஸைன்" என்ற சொல் பலருக்கும் தெரிந்திருப்பதுதான். ஜைனுல் ஆபிதீன், ஜைனுத்தீன் போன்ற ஆண்பெயர்களின் முதற்பகுதியும் இதே சொல். ஆனால் இலக்கணப்படி பார்த்தால் இரண்டு சொற்கள் இப்படி ஒன்றாகக் கலந்து, நடுவிலுள்ள ஓர் ஒலி மறைந்து, ஒரே பெயராவது அரபில் வழக்கமான முறை அன்று. ஆகவே இதைப் பிற்காலத்தார் பெயரைப் பிரித்துப் பார்த்துக் கண்ட விளக்கமாகக் கருதுவதே பொருத்தம். அதற்காக அந்தப் பொருளை நினைத்து மகளுக்குப் பெயர் வைத்தவர்கள் தவறு செய்துவிட்டதாகாது. அகராதியே அதையும் ஒரு வாய்ப்பாக ஏற்றிருக்கிறதே!

இலக்கணத்தில் ஜைனப்

அரபு இலக்கணம் படிப்பவர்கள் இப்பெயரைத் தொடக்கப் பாடங்களிலேயே சந்தித்துவிடுவார்கள். பாத்திமா, கதீஜா, ஆயிஷா போன்ற பெண்பெயர்கள் பெண்பால் ஈறு கொண்டவை. ஜைனபுக்கு அந்த ஈறு இல்லை. தோற்றத்தில் பெண்பாற் குறி இல்லாமல் பொருளால் மட்டும் பெண்பாலாக இருக்கும் சொல்லுக்கு இதுவே வழக்கமான எடுத்துக்காட்டு. எல்லா வேற்றுமைக் குறிகளையும் ஏற்காத பெயர்ச்சொற்களின் வரிசையிலும் இதைச் சேர்ப்பர். ஆணுக்கு ஸைத், பெண்ணுக்கு ஜைனப் அல்லது ஹிந்த் என்று இலக்கண நூல்களில் திரும்பத் திரும்ப வருவதால், அரபுக் கல்லூரி மாணவர்களுக்கு இது ஏறக்குறைய வகுப்புத் தோழியின் பெயர் போலவே ஆகிவிடும்.

தோற்றமும் ஆரம்ப வரலாறும்

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இப்பெயர் அரேபியாவில் பரவலாக இருந்தது. நபிகள் நாயகத்தின் மூத்த மகளின் பெயர் ஜைனப். அவர்களின் மனைவியருள் இருவர் இப்பெயர் கொண்டவர்கள். மகள் பாத்திமாவுக்கும் அலீக்கும் பிறந்த பேத்தியும் ஜைனப்தான். கைபரில் வாழ்ந்த யூதப் பெண் ஒருவரும் ஜைனப் பின்த் அல்ஹாரிஸ் என்ற பெயருடன் நபி வரலாற்று நூல்களில் வருகிறார். எனவே இது தொடக்கத்தில் ஒரு மதத்துக்கு உரிய பெயராக இருக்கவில்லை. அக்கால அரேபியர் பொதுவாக விரும்பிய பெயர் என்று கொள்ளலாம்.

நபித்தோழியருள் சிலர் பிறந்தபோது பெற்ற பெயர் ஜைனப் அன்று. உம்மு ஸலமாவின் மகளுக்கும் ஜஹ்ஷின் மகளுக்கும் முதலில் "பர்ரா" என்றே பெயர் இருந்தது. பர்ரா என்றால் நற்குணம் நிறைந்தவள், புண்ணியவதி. ஒருவர் தம்மைத் தாமே புண்ணியவதி என்று அழைத்துக்கொள்வது போல் இருக்கிறது என்பதால் நபிகள் நாயகம் இருவர் பெயரையும் ஜைனப் என்று மாற்றினார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிம் தொகுப்பிலுள்ள நபிமொழிகள் தெரிவிக்கின்றன. நற்பொருள் உள்ள பெயரை விலக்கி, தற்பெருமை தொனிக்காத ஒரு பெயரைத் தேர்ந்தது இங்கே கவனிக்கத்தக்கது. பெயரின் பொருள் எவ்வளவு உயர்வானதோ அவ்வளவு நல்லது என்று எண்ணும் இன்றைய பழக்கத்துக்கு இது நேர் எதிர்.

மூன்றாம் நூற்றாண்டில் பல்மைரா நாட்டை ஆண்டு, 272இல் உரோமைப் பேரரசர் அவுரேலியனிடம் பிடிபட்ட அரசி செனோபியாவின் பெயரையும் ஜைனபையும் சிலர் ஒன்றாக்குவதுண்டு. செனோபியா என்பது சியூஸ் கடவுளோடு தொடர்புடைய கிரேக்கப் பெயர். அவருடைய சொந்த மொழிக் கல்வெட்டுகளில் பெயர் "பத் ஸப்பை" என்றே காணப்படுகிறது. ஒலி ஒத்திருப்பதை மட்டும் வைத்து இரண்டும் ஒரே பெயர் என்று முடிவு கட்ட முடியாது.

இப்பெயர் பெற்ற சிலர்

குஸைமாவின் மகள் ஜைனப், ஏழைகளுக்கு உணவளித்ததால் "ஏழைகளின் தாய்" என்று அழைக்கப்பட்டவர். நபிகள் நாயகத்தை மணந்து சில மாதங்களிலேயே இறந்துவிட்டார். ஜஹ்ஷின் மகள் ஜைனப் தோல் பதனிட்டுத் தம் கையால் ஈட்டியதைத் தருமம் செய்தவர். நபியின் மகள் ஜைனபின் கணவர் அபுல்ஆஸ் 624ஆம் ஆண்டு பத்ருப் போரில் எதிரணியில் நின்று சிறைப்பட்டபோது, அவரை மீட்க ஜைனப் அனுப்பிய பொருளில் தாய் கதீஜா திருமணத்தின்போது தந்த கழுத்தணியும் இருந்தது.

பெயர் இன்றுவரை நிலைத்திருப்பதில் பெரும்பங்கு அலீயின் மகள் ஜைனபுக்கு உண்டு. 680ஆம் ஆண்டு கர்பலாவில் அண்ணன் ஹுஸைனும் குடும்பத்தாரும் கொல்லப்பட்ட பின், உயிர் பிழைத்த பெண்களுடனும் குழந்தைகளுடனும் அவர் கூபாவுக்கும் பின்னர் டமாஸ்கஸுக்கும் கொண்டுசெல்லப்பட்டார். ஆட்சியாளர் யஸீதின் அவையில் அவர் அஞ்சாமல் பேசியது ஷியா மரபில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறது. டமாஸ்கஸின் தெற்கே அவர் பெயரால் அமைந்த அடக்கத்தலம் உள்ளது. கெய்ரோவிலும் அவர் பெயரில் ஒரு பள்ளிவாசலும், அதைச் சுற்றி அதே பெயர் கொண்ட நகர்ப்பகுதியும் இருக்கின்றன.

கல்வித் துறையிலும் இப்பெயர் உண்டு. டமாஸ்கஸில் வாழ்ந்து 1339இல் தொண்ணூறு வயதைக் கடந்து மறைந்த ஜைனப் பின்த் அல்கமால் நபிமொழி கற்பித்த பேராசிரியை. அவரிடம் தாமும் அனுமதி பெற்றதாகப் பயணி இப்னு பதூதா தம் நூலில் குறிப்பிடுகிறார். லெபனானில் பிறந்து எகிப்தில் எழுதிய ஜைனப் பவ்வாஸ் (இறப்பு 1914), பெண்களின் வாழ்க்கை வரலாறுகளை மட்டுமே கொண்ட ஒரு பெருந்தொகுப்பை 1890களில் வெளியிட்டவர்.

நவீன அரபு இலக்கியத்தில் 1913இல் வந்த முஹம்மத் ஹுஸைன் ஹைக்கலின் நாவலுக்கே "ஜைனப்" என்பதுதான் பெயர். காதலித்தவனை விட்டு வேறொருவனுக்கு மணம் செய்துவைக்கப்படும் எகிப்தியக் கிராமத்துப் பெண் அதன் நாயகி. ஹைக்கல் முதலில் தம் பெயரைப் போடாமல் "எகிப்திய உழவன்" என்ற புனைபெயரில் அதை வெளியிட்டார். 1930இல் அது மௌனப் படமாகவும், 1952இல் அதே இயக்குநர் முஹம்மத் கரீமால் பேசும் படமாகவும் வந்தது.

நாடுதோறும் வடிவங்கள்

துருக்கியில் ஈற்றொலி வல்லொலியாகி ஸெய்னெப் என்று ஒலிக்கும். (தமிழெழுத்தில் இந்த வேறுபாடு தெரியாது.) 2010களில் பல ஆண்டுகள் அந்நாட்டில் பிறந்த பெண் குழந்தைகளுக்கு மிகுதியாக இடப்பட்ட பெயர் இதுதான். மொரோக்கோவில் ஸினெப், செனகலில் செய்னபூ, சோமாலியாவில் செய்னப், இந்தோனேசியாவில் ஸாயெனப், கேரளத்தில் சைனபா என்று வழங்குகிறது.

தமிழில்

தமிழ் முஸ்லிம்களின் பழைய வழக்கு ஜைனம்பு அல்லது செய்னம்பு என்பதாகும். பீவி, நாச்சியார், உம்மா என்ற சொற்களும் பின்னால் சேரும். இதில் "ம்" எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். தமிழில் பகரம் மெல்லினத்துக்குப் பின் வரும்போதுதான் தெளிவாக மென்மையாக ஒலிக்கும். "அன்பு", "கம்பு" என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். "ஜைனப்" என்று முடித்தால் அரபு ஒலி வல்லொலியாகிவிடும். "ம்பு" என்று முடித்தால் அது காக்கப்படுகிறது. ஈற்றில் உகரம் சேர்ப்பதும் தமிழின் இயல்பு. சாஹிப் சாயபு ஆனதும் அப்படித்தான். ஆகவே ஜைனம்பு என்பதைப் "படிக்காதவர்களின் உச்சரிப்பு" என்று ஒதுக்குவது சரியன்று. பெயரின் முதலொலிக்குத்தான் தமிழில் எழுத்து இல்லை. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் முறையில் அந்தச் சிக்கலும் எழவில்லை.

சிக்கல் இன்று ஆவணங்களில் இருக்கிறது. ஆங்கிலத்தில் இசட் எழுத்துக்குப் பின் ஏ அல்லது ஈ, அதன்பின் ஐ அல்லது ஒய் என்று எழுதும்போதே நான்கு வடிவங்கள் உண்டாகிவிடுகின்றன. ஜே, எஸ் எழுத்துகளில் தொடங்குபவை வேறு. பிறப்புச் சான்றிதழில் ஜைனம்பு, பள்ளியில் ஜைனப், வங்கியில் ஜெய்னப் என்று அமைந்துவிட்ட பெண், கடவுச்சீட்டு எடுக்கும்போது மூவரும் ஒருவரே என்று நிறுவ வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிடுவது இதற்கான வழி. குழந்தைக்கு இப்பெயரை வைப்பவர்கள் பிறப்பைப் பதிவுசெய்யும்போதே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, பள்ளியில் சேர்க்கும்போதும் அதே எழுத்துகளைக் கொடுத்தால் இந்த அலைச்சல் வராது.