புறநானூறு 204: இரத்தலின் சொல்லும் ஒலியும்

கழைதின் யானையார் வல்வில் ஓரியைப் பாடிய புறநானூற்று 204ஆம் பாட்டு 14 அடிகளாலான நேரிசை ஆசிரியப்பா. இரத்தல், மறுத்தல், வலியக் கொடுத்தல், கொள்ளாது விடுத்தல் என்னும் நான்கு செயல்களை முதல் நான்கு அடிகள் நிரல்படுத்தி, அவற்றின் இழிவு உயர்வுகளை மதிப்பிடுகின்றன. இம்மதிப்பீடு சொற்பொருளால் மட்டுமன்றி ஒலியாலும் சொல்வடிவாலும் நிகழ்கிறது.

இரப்போன் கூறும் சொல் 'ஈ'. ஈ, தா, கொடு என்னும் மூன்றனுள் 'ஈ' இழிந்தோனும் 'தா' ஒப்போனும் 'கொடு' உயர்ந்தோனும் இரக்குங்கால் கூறுவன என்று தொல்காப்பிய எச்சவியல் வரையறுக்கிறது. எனவே பாட்டின் முதலெழுத்திலேயே இரப்போனின் நிலை புலப்பட்டுவிடுகிறது.

இரப்பைச் சுட்டும் 'ஈயென' என்பதும் மறுப்பாகிய 'ஈயேன்' என்பதும் ஒலியால் மிக நெருங்கியவை. முன்னது கூவிளம், பின்னது தேமா. எகரம் ஏகாரமாக நீண்டு னகர ஒற்றில் முடிய, வேண்டுகோளின் இடத்தில் மறுப்பு நிற்கிறது. 'கொள்ளென', 'கொள்ளேன்' என்னும் இணையிலும் இதே சீரமைப்பு மீள்கிறது.

'ஈயேன்', 'கொள்ளேன்' ஆகியவற்றில் எதிர்மறைக்கெனத் தனி உருபு வெளிப்படவில்லை. காலம் காட்டும் உறுப்பும் இல்லை. பகுதியோடு தன்மை ஒருமை விகுதி சேர்ந்த அளவில் மறுப்பு அமைகிறது. இவ்வடிவமே பாட்டின் இறுதிப் பகுதியில் 'புலவேன்' என மீண்டும் வருகிறது. முதலாவது, பொருள் உடையவன் மறுப்பு. இரண்டாவது, கொடுப்பதைப் பெறாதவன் மறுப்பு. மூன்றாவது, பரிசில் நாடி வந்த புலவர் வள்ளலை வெறுக்க மறுத்தல். தொடக்கத்தில் பொதுநீதியாகக் கூறப்பட்ட மறுப்பு, முடிவில் புலவரின் தன்மதிப்பாக மாறுகிறது.

மொழிபெயர்ப்பாளர் இங்கு இரு இடங்களில் விழிப்பாக இருத்தல் வேண்டும். 'இழிந்தன்று', 'உயர்ந்தன்று' என்பன எதிர்மறை வினைகள் அல்ல. அன் சாரியையும் 'று' விகுதியும் பெற்ற ஒன்றன்பால் இறந்தகால முற்றுகளாகிய இவை, 'இழிந்தது', 'உயர்ந்தது' என்றே பொருள்படும். 'அன்று' என்பதை எதிர்மறையாகப் பிரித்துக் கொண்டால் நான்கு மதிப்பீடுகளும் தலைகீழாகும். அடுத்து, மூன்று 'ஏன்' ஈற்று வினைகளையும் பெயர்ப்பு மொழியில் ஒரே வகை எதிர்மறை அமைப்பால் தருதல் நலம். இயைபின் ஒலியைப் பெயர்க்க இயலாவிடினும், மறுப்பு மூன்றாம் முறை வரும்போது அது இரக்க வந்தவன் வாயிலிருந்து வருகிறது என்பதையேனும் படிப்போர் உணர அது வழிசெய்யும்.