பத்து, ஒன்பது, எட்டு!

காய்ச்சல் வந்தால் அம்மாவிடம் சொல்கிறீர்கள். மனம் வலித்தால்? தேர்வு பயம், தூக்கமின்மை, உடல் மாற்றம் பற்றிய கூச்சம்... எல்லாவற்றையும் உள்ளேயே பூட்டி வைக்கிறீர்கள்.

மனக்கவலையைக் கேட்பதற்கென்றே, 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளில், மத்திய அரசு, 'டெலி மானஸ்' சேவையைத் தொடங்கியது. எண்: 14416. இரவு, பகல் எந்நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் பொறுமையாகக் கேட்பார். தேவையானால், மனநல மருத்துவரிடம் பேச வைப்பார்.

யாரேனும் அடித்தாலோ, தவறாகத் தொட்டாலோ, 18 வயதுக்கு உட்பட்டோர் 1098ஐ அழைக்கலாம். பத்து, ஒன்பது, எட்டு என்று சொல்லிப் பாருங்கள், மறக்காது.

'வாழவே பிடிக்கலை; யாரிடமும் சொல்லாதே' என்று நண்பன் சொன்னால், அந்த ரகசியத்தை மட்டும் காக்காதீர்கள். அவனைத் தனியே விடாமல், உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள். கோபித்துக்கொண்டால் பரவாயில்லை, நண்பன் நமக்கு வேண்டும்!