கப்பலில் குமட்டுவது ஏன்?

கொந்தளிக்கும் கடலில் ஒரு கப்பல். அதில் சிலர் உற்சாகமாகச் சீட்டு விளையாடுகிறார்கள். அவர்களைச் சோதிக்க வந்த ஆராய்ச்சியாளர்களோ கடல் நோயால் சோர்ந்துவிட்டார்கள். சோதனையே நின்றுபோயிற்று! இது கதையன்று. கனடாவின் நோவா ஸ்கோஷியா கரைக்கு அப்பால் உண்மையில் நடந்தது.

1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் தொடங்கிய ஆராய்ச்சி அது. அதற்கு முன்வந்த 11 பேரும் காது கேளாதவர்கள். வாஷிங்டனிலுள்ள காலடெட் கல்லூரியைச் சேர்ந்தவர்கள். அவர்களில் 10 பேருக்கு இளவயதில் வந்த மூளைச்சவ்வுக் காய்ச்சல் உட்செவியைக் கெடுத்துவிட்டிருந்தது.

குமட்டலுக்கும் காதுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கிறீர்களா? நம் உட்செவி கேட்பதற்கு மட்டுமன்று. உடலின் சமநிலையைக் காப்பதற்கும் உதவுகிறது. ஒவ்வொரு காதிலும் திரவம் நிரம்பிய 3 அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பும்போது அவை அதை உணர்கின்றன. மேலும் கீழும் அசைவதை உணர நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் கொண்ட பைகள் இருக்கின்றன.

கப்பலின் அறைக்குள் நீங்கள் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். சுவரும் மேசையும் அசையவில்லை என்கிறது கண். உடல் ஏறி இறங்குகிறது என்கிறது காது. இரண்டு செய்திகளும் முரண்படுவதால் மூளை குழம்புகிறது. வியர்வை, குமட்டல், வாந்தி எல்லாம் அதன் விளைவே. அந்த 11 பேரின் உட்செவி அசைவைப் பற்றிச் செய்தி அனுப்பவில்லை. ஆகவே முரண்பாடும் இல்லை!

எல்லாரையும் இது ஒரே அளவில் வாட்டுவதில்லை. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அரிதாகவே வருகிறது. 10 வயதையொட்டிய சிறுவர் சிறுமியருக்கு மிகுதி. ஆண்களைவிடப் பெண்களும், ஒற்றைத் தலைவலி உடையவர்களும் எளிதில் ஆளாகிறார்கள். பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. பெரும்பாலோருக்குச் சில நாட்களில் பழகிவிடும். ஆனால் 1831 முதல் 1836 வரை 'பீகிள்' கப்பலில் பயணம் செய்த சார்லஸ் டார்வினுக்குக் கடைசிவரை பழகவேயில்லை!

கப்பலில் குமட்டினால் மேல்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பாருங்கள். அப்போது கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்லும். பேருந்தில் புத்தகம் படிக்கும்போது குமட்டுவதற்கும் இதுவே காரணம். புத்தகத்தை மூடிவிட்டு, சாலையின் தொலைவை நோக்குங்கள்.

பயணத்தில் வாந்தியெடுக்கும் தோழனைப் பார்த்து இனிச் சிரிக்காதீர்கள். அவன் கோழையல்லன், அவனுடைய உட்செவி தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்!