மிட்டா போச்சு, மகள் பங்கு வந்துச்சா?

தர்மபுரிப் பக்கத்து மிட்டாதார் பரம்பரை என்றதும் தேக்குத் தூண், பல்லக்கு, வேட்டைத் துப்பாக்கி என்று எதிர்பார்ப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். பல மிட்டாக்கள் (ஏலத்தில் எடுத்த சிறு ஜமீன்கள்) இங்கே ஒரு தலைமுறைகூட நிலைக்கவில்லை. மிஞ்சியது ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிட்டாவும் (மிட்டாரெட்டிஅள்ளி, மிட்டாநூலஅள்ளி), கோர்ட் படியேறிய சொத்துத் தகராறுகளும்தான். சுவாரஸ்யமெல்லாம் அந்தத் தகராறுகளில் இருக்கிறது.

கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. 1781-ல் யார்க்டவுனில் சரணடைந்த படையின் தளபதி காரன்வாலிஸ், அடுத்த பத்தாண்டுக்குள் இந்தியாவில் கவர்னர் ஜெனரல். 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து, தர்மபுரி அடங்கிய பாராமகாலைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதி வாங்கியவர் அவர்தான். அந்த வெற்றிக்காக அதே ஆண்டு அவருக்கு ‘மார்க்வெஸ்’ பட்டம் கிடைத்தது. தர்மபுரி மண்ணும் சேர்ந்து வாங்கித் தந்த பட்டம் என்றே சொல்லலாம்.

அந்தப் பட்டம் எத்தனை காலம் நின்றது? அவருக்குப் பின் மகனுக்குப் போனது. மகன் பெற்றது ஐந்து பெண்கள். ஆண் வாரிசு இல்லை. 1823-ல் அவர் கண்ணை மூடியதும் மார்க்வெஸ் பட்டம் அத்தோடு முடிந்தது. அதற்கு ஒரு படி கீழான ‘ஏர்ல்’ பட்டம் பிஷப்பாக இருந்த சித்தப்பாவுக்குப் போனது. ஐந்து மகள்களில் ஒருத்திக்கும் எந்தப் பட்டமும் ஒட்டவில்லை.

நிலம் அப்படி இல்லை என்பதற்கும் அமெரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது. வர்ஜீனியாவில் 50 லட்சம் ஏக்கருக்கு மேல் ஆண்ட ஃபேர்ஃபேக்ஸ் பிரபுவுக்கு அந்தப் பூமி வந்தது தாய்வழியில். கல்பெப்பர் பிரபுவின் மகள் கேத்தரின் அவருடைய அம்மா. பதினாறு வயது ஜார்ஜ் வாஷிங்டன் 1748-ல் நில அளவைக்குப் போனது இந்தக் குடும்பத்துப் பூமிக்குத்தான். ஆண் பிள்ளை இல்லாத வீட்டில் மகளிடம் போனது சரி. பிள்ளை இருக்கும் வீட்டில் மூத்தவனுக்கே எல்லாம் என்ற சட்டத்தை வர்ஜீனியா ஒழித்தது 1785-ல்.

நம் பக்கம் வருவோம். கம்பெனி அதிகாரிகள் ரீடும் மன்றோவும் இங்கே என்ன செய்தார்கள் என்பது பள்ளிக்கூடப் பாடம். 1799 வரை ஏழு ஆண்டு மன்றோ கொல்லை கொல்லையாக நடந்து, குடியானவனிடம் நேரடியாக வரி வாங்கிப் பழக்கிய ஊரில்தான், 1802-ம் ஆண்டின் 25-வது ரெகுலேஷன் வந்து எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. சேலம் ஜில்லா முழுக்க நிலத்தை மிட்டா மிட்டாவாகக் கூறு போட்டு ஏலம் விட்டார்கள். காசிருந்தவன் எடுத்தான். ஆண்டுதோறும் கட்ட வேண்டிய பேஷ்குஷ் மட்டும் நிரந்தரம், மழை நிரந்தரமில்லையே! சாமையும் கேழ்வரகும் விளையும் மேட்டுக்காட்டில் பாக்கி ஏறியது. பாக்கிக்காக மிட்டா மறுபடி ஏலத்துக்கு வந்தது, அல்லது சர்க்கார் கைக்கே திரும்பியது.

தப்பிப் பிழைத்தவை அண்ணன் தம்பிகளுக்குள் பங்காகப் பிரிந்தன. அக்கா தங்கைகளுக்கு நகை, சீர், தாய்மாமன் முறை. விதவைக்கு ஜீவனாம்சம். 1937-ல் விதவைக்குச் சொத்தில் உரிமை தந்த சட்டம்கூட விவசாய நிலத்தைத் தொடவில்லை. சென்னை மாகாணம் அதை நிலத்துக்கும் நீட்டியது 1947-ல்தான். மறு ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்து மிட்டாக்களுக்கே கணக்கு முடித்தது. சொந்தப் பண்ணை நிலத்துக்குப் பட்டா, மற்றதற்கு இழப்பீடு.

மகளுக்குச் சம பங்கு என்று 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. பூர்வீகச் சொத்தில் அது சட்டமாகி நடைமுறைக்கு வந்தது 1989 மார்ச் 25 முதல். அதிலும் ஒரு கொக்கி: அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவளுக்கு அந்தச் சம பங்கில்லை. ஒரே வயிற்றில் பிறந்தும், 88-ல் தாலி ஏறிய அக்காவுக்கு அது இல்லை, 90-ல் கட்டிக்கொடுத்த தங்கைக்கு உண்டு. மத்திய சட்டத் திருத்தம் 2005-ல் அந்தக் கொக்கியை எடுத்தது. திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொரு வழக்கு: 1938-ல் ஒருவர் கோர்ட் ஏலத்தில் வாங்கிய நிலம், அவருடைய மகளுக்கா, தம்பி பிள்ளைக்கா? 2022 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. மகளுக்கே.

சட்டம் இவ்வளவு தூரம் வந்துவிட்டது. அதற்குள் வீட்டில் பத்திரம் எழுதியாகிவிட்டது!

தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் விடுதலைப் பத்திரத்தைத்தான் சொல்கிறேன். பென்னாகரமோ அரூரோ பாலக்கோடோ, அப்பா காரியம் முடிந்த கையோடு நடப்பது இதுதான். “பேங்க்ல லோன் போடணும், ஒரு கையெழுத்துதாம்மா” என்பார் அண்ணன். தங்கையும் சார்பதிவாளர் ஆபீஸ் வருவாள், ரேகை வைப்பாள், கூடவே ஒரு புடவையும் வாங்கிக்கொள்வாள். எழுதியிருப்பது என்ன என்று படித்துக் காட்டச் சொல்ல மாட்டாள். சொன்னால் “அவ்ளோ சந்தேகமா?” என்று அண்ணி முகம் திருப்புவார், அடுத்த பொங்கலுக்குச் சீர் வராது. பிறந்த வீட்டு வாசல் மூடிவிடுமோ என்கிற பயத்தில் போடும் கையெழுத்து அது. எந்தத் தீர்ப்பும் அந்தப் பயத்தைத் தீர்த்துவைக்காது.

பெண் சிசுக் கொலைக்காக நாடு முழுக்கப் பேசப்பட்ட மாவட்டம் இது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் சேலத்தில் தொடங்கி இங்கேயும் வந்தது. பெண் பிறந்தால் செலவு என்று நினைத்த வீட்டில், அவள் வளர்ந்த பிறகு பங்குதாரராக மட்டும் பார்ப்பார்களா?

கல்யாணத்துக்குப் பட்ட கடனை யார் அடைத்தது, வயதான காலத்தில் அம்மாவை யார் பார்த்தது என்று அண்ணன்மார் கேட்பதிலும் நியாயம் உண்டு. அதைப் பங்கில் கணக்குப் பார்த்துப் பேசித் தீர்க்கலாம். பங்கே இல்லை என்று எழுதி வாங்குவது வேறு.

சகோதரிகள் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். 2004 டிசம்பர் 20-க்கு முன் பதிவான பாகப்பிரிவினைப் பத்திரத்தை 2005 சட்டம் கலைக்காது. ஆனால் “வாய்மொழியா அப்பவே பிரிச்சாச்சு” என்பது மட்டும் போதாது, அதற்கு ஆவணச் சான்று வேண்டும். அப்பா தன் பங்கை உயில் எழுதிவைத்திருந்தால் அது வேறு கணக்கு. வாரிசுச் சான்றிதழில் உங்கள் பெயர் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். விடுதலைப் பத்திரம் என்றால் நகல் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டு, அப்புறம் கையெழுத்தைப் பற்றி யோசியுங்கள். பட்டாவில் யார் யார் பெயர் இருக்கிறது என்று அரசின் நிலப் பதிவு இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்துச் செல்போனிலேயே பார்க்கலாம். அதற்குக் கட்டணம் கிடையாது.