பென்டிரைவைத் திட்டாதீர்கள்

லினக்ஸ் நிறுவலாம் என்று பென்டிரைவைச் செருகி லேப்டாப்பை இயக்குகிறீர்கள். லோகோ வருகிறது. அதன் கீழே சுழலும் வட்டம் பாதியில் நிற்கிறது. மவுஸ் அசையவில்லை. கேப்ஸ் லாக் விளக்குகூட எரிய மறுக்கிறது. உடனே பலரும் ஐஎஸ்ஓ கோப்பை மறுபடி பதிவிறக்கி, வேறு பென்டிரைவில் எழுதிப் பார்ப்பார்கள். அப்போதும் அதே இடத்தில் நின்றால் பென்டிரைவை விட்டுவிடுங்கள். உங்களுடையது இரட்டை கிராஃபிக்ஸ் லேப்டாப்பா என்று பாருங்கள்.

அத்தகைய லேப்டாப்பில் ஒரு சிப் பிராசஸருக்குள்ளேயே இருக்கும், சிக்கனமானது. தனியாக இருக்கும் மற்றொன்று வேகமானது, பேட்டரியைக் குடிப்பது, பெரும்பாலும் என்விடியாவுடையது. வேலையில்லாதபோது பெரியதை அணைத்துவைத்து, தேவைப்பட்டால் மட்டும் எழுப்பும் ஆப்டிமஸ் ஏற்பாட்டை என்விடியா 2010இல் கொண்டுவந்தது. பல மாடல்களில் பெரிய சிப்புக்கு லேப்டாப் திரையோடு நேரடி இணைப்பே கிடையாது. அது வரைந்த படத்தைச் சின்னது வாங்கித் திரையில் காட்டும். சமைப்பவர் ஒருவர், பரிமாறுபவர் இன்னொருவர்.

2012இல் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவைத் திட்டி கேமராவை நோக்கி நடுவிரலைக் காட்டிய வீடியோவைப் பார்க்காத லினக்ஸ்காரர் குறைவு. அந்த விரலுக்குக் காரணமான கேள்வியைத்தான் மறந்துவிட்டார்கள். ஆப்டிமஸ் லேப்டாப் வாங்கி லினக்ஸோடு மல்லுக்கட்டிய ஒரு பெண் கேட்டது அது.

நிறுவும்போது என்விடியா சிப்பை இயக்க முன்வருவது பெரும்பாலும் 'நுவோ' என்ற டிரைவர். நிறுவனத்தின் கையேடு இல்லாமல், சிப்பின் நடத்தையை வெளியிலிருந்து கவனித்துக் கவனித்துத் தன்னார்வலர்கள் எழுதியது. என்னைக் கேட்டால் பெரிய சாதனைதான். ஆனால் சிப்பை அணைத்து எழுப்பும் நுணுக்கம் நுவோவின் கையில் மட்டும் இல்லை. லேப்டாப்பின் ஃபர்ம்வேரிலும் இருக்கிறது. அதை எழுதியவர்கள் பெரும்பாலும் விண்டோஸை மனத்தில் வைத்தே சோதித்திருப்பார்கள். எழுப்பிய சிப் பதில் சொல்லாவிட்டால் லினக்ஸின் மையமான கெர்னல் காத்துக்கொண்டே நிற்கும். சாதனங்களைப் பட்டியலிட மட்டுமே செய்யும் 'எல்எஸ்பிசிஐ' கட்டளையைத் தட்டியதுமே உறைந்துபோன லேப்டாப்கள் உண்டு. பட்டியலுக்காக அது தூங்கும் சிப்பைத் தொட்டுவிடுகிறது.

வழி எளிது. பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் மெனு வந்ததும் 'ஈ' விசையை அழுத்துங்கள். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் ஓர் இடைவெளி விட்டு, 'நோமோட்செட்' என்பதைச் சிறிய ஆங்கில எழுத்துகளில் ஒரே சொல்லாகச் சேர்த்து எஃப்10ஐத் தட்டுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர்கள் ஒதுங்கிக்கொள்ளும். ஃபர்ம்வேர் தயாரித்துக் கொடுத்த எளிய திரையிலேயே நிறுவல் நடக்கும். உபுண்டு மெனுவில் உள்ள 'சேஃப் கிராஃபிக்ஸ்' செய்வதும் இதைத்தான். எனக்குப் பிடித்தது, அதே இடத்தில் சேர்த்தால் நுவோவை மட்டும் முடக்கும் 'நுவோ.மோட்செட்=0' (nouveau.modeset=0). சின்ன சிப் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். திரையும் தெளிவாக இருக்கும்.

கிரப்பில் இப்படிச் செய்யும் திருத்தம் அந்த ஒரு முறைக்குத்தான். நிறுவி முடித்த பின் முதல் தடவை இயக்கும்போது மறுபடி உறைந்தால் பதறாமல் அதையே திரும்பச் செய்யுங்கள். பிறகு என்விடியாவின் சொந்த டிரைவரை ஏற்றுங்கள்; உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' போதும். செக்யூர் பூட் இருந்தால் ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வந்து அதையே கேட்கும். அவசரத்தில் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.

ஆனால் சில டிஸ்ட்ரோக்கள், அதாவது லினக்ஸ் வகைகள், நிறுவும்போது கொடுத்த 'நோமோட்செட்'டை நிரந்தரமாகவே எழுதிவைத்துவிடும். அது தெரியாமல் மாதக்கணக்கில் லினக்ஸ் மந்தம் என்று குறைசொல்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாம் முடிந்த பிறகும் திரை வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியவில்லையென்றால், அந்தச் சொல் கிரப்பில் இன்னும் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.